பழைய ரேவன் ஃபெல், புதிய ரேவன் ஃபெல்

எட்கர் ஃபாசெட் போய்ச் சேர்ந்து நாலு மாதமாகியும் அவருடைய கம்பளிக் கோட்டு மட்டும் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அவர் மனைவி வின்னி அதை மாடி அலமாரிக்குள் தொங்கவிட்டு, கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்து அடைத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திறப்பாள். கழுத்துப் பட்டையில் மூக்கை வைத்து ஒரே ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு கிடையாது. அவள் இழுக்க இழுக்கக் கோட்டில் இருப்பது குறைந்துதானே ஆகவேண்டும்? புருஷனோடு வாழ்ந்த காலத்தில் எதையும் எண்ணிச் செலவழிக்காதவள், அவர் போன பிறகு அவருடைய புகையிலை வாசனையை எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, கோட்டில் கம்பளி வாசனை மட்டும் இருந்தது. கொஞ்சம் அந்துருண்டை. விதி மீறி இரண்டாவது மூச்சு இழுத்தாள். மூன்றாவதும் இழுத்தாள். ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து கோட்டை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சவ அடக்கத்தன்று ஊரே பார்த்திருக்க அழாதவள் அவள்.

அவர்கள் இருவருக்கும் அது முதல் கல்யாணம், அதுவும் அறுபதை ஒட்டி நடந்த கல்யாணம். வின்னி பள்ளிக்கூடச் சமையற்காரி. கடலோர ஊரிலிருந்து கெல்பெக் என்ற மலை ஊருக்கு மாற்றலாகி வந்து, தினமும் பென்ரித் நகரத்திலிருந்து பேருந்தில் போய்வந்தாள். பேருந்தை ஓட்டியவர் எட்கர். ஒரு வருடம் முழுக்க 'குட்மார்னிங்' மட்டும் சொன்னார். இரண்டாம் வருடம் வானிலையைப் பற்றிப் பேசினார். மூன்றாம் வருடம் கேட்டேவிட்டார். அந்த மலைப்பக்கத்து ஆண்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான், கல் கனிந்தாலும் கனியும். அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

அவள் அறிந்த எட்கர் என்பது பன்னிரண்டு வருட எட்கர். சாயங்காலம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, பழுப்புநிறக் கல்ஜாடியைத் திறந்து, சுங்கானில் புகையிலையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பற்றவைத்து, முதல் புகையை விட்டுக் கண்ணை மூடி, "மோசமில்லை" என்பார். கெல்பெக்கில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. அந்தப் புகையில் கருகிய சர்க்கரையும், எங்கேயோ ஒரு ரோஜாப்பூவும் இருக்கும். வின்னிக்கு அதுதான் வீடு.

ஜாடியில் இருந்தது ரேவன் ஃபெல் புகையிலை என்பது ஊருக்கே தெரியும். பழைய ரேவன் ஃபெல். இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் எட்கர் அழுத்தித்தான் சொல்வார். நூறு வருடத்துக்கு மேல் அந்தப் புகையிலையை ஆற்றோர ஆலையில் செய்தார்கள். எட்கர் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் ஆலையை மூடிவிட்டார்கள். பெயரை ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி வாங்கிக்கொண்டு, அதே மஞ்சள் டப்பாவில், அதே காக்கைப் படத்தோடு, வேறொன்றை அடைத்து விற்றது. ஊர்ச் சுங்கான் சங்கத்தில் அது பெரிய துக்கம். தலைவர் செத்ததுபோல அல்ல, தலைவர் இடத்தில் யாரோ வேஷம் கட்டி வந்து உட்கார்ந்ததுபோல.

சங்கத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்து ஒவ்வொருவரும் அதில் எழுதவேண்டும். எட்கர் எழுதியது ஊரில் பிரசித்தம். 'பழையது: மழை விட்ட பிறகு வைக்கோல் கொட்டகைக்குள் நுழைந்ததுபோல். புதியது: அத்தை வீட்டுக் குளியலறை.' இதோடு விடாமல், இந்தச் சோப்பை என் சுங்கானில் போடும் நாள் நான் சாகும் நாள் என்று அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் 'ஆட்டுக்கிடா' என்ற பப்பின் பின்கட்டில் போட்டி நடக்கும். கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு சுங்கானைக் கொடுப்பார்கள். எது பழையது, எது புதியது? முப்பது, நாற்பது வருடம் குடித்தவர்களெல்லாம் தடுமாறுவார்கள். எட்கர் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஒரே இழுப்பு. "இது சோப்பு" என்று சுங்கானைத் தூரத் தள்ளிவிடுவார். வின்னி அந்தப் பக்கம் போனதில்லை. வீட்டுக்கு வந்து அவர் சொல்லக் கேட்டதோடு சரி.

ஆகவே அடுத்த சனிக்கிழமை மத்தியானம், மழையங்கியை மாட்டிக்கொண்டு அவள் ஆட்டுக்கிடா பப்புக்குப் போனதில் ஆச்சரியமில்லை. பின்கட்டுத் தகரக் கூரைக்குக் கீழே சங்கத்தார் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. எட்கருடைய ஜாடி காலி என்றாள். காலியாகத்தான் இருக்கும், அவர்கள்தானே காலி செய்தார்கள். ஒரு சங்கத்தான் செத்தால் அடக்கம் முடிந்ததும் அவன் ஜாடியை நடுவில் வைத்து, அடி தெரியும்வரை எல்லோரும் குடித்துத் தீர்ப்பது அவர்கள் வழக்கம். அதில் அவளுக்குக் குறையில்லை. இப்போது யாரிடமாவது பழைய ரேவன் ஃபெல் ஒரு சிட்டிகை இருந்தால், அவள் எதிரில் ஒரே ஒரு தடவை பற்றவைக்க வேண்டும். கோட்டிலிருந்து அவர் போய்விட்டார். அவ்வளவுதான் கேட்டாள்.

ஐந்து பேரும் அவரவர் கண்ணாடித் தம்ளருக்குள் எதையோ தேடினார்கள். அருமையான பொருள், கொடுக்க மனசு வரவில்லை என்று வின்னி நினைத்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. கடைசியில் ஜோனாஸ் டாக்ரே தொண்டையைச் செருமினார். எட்கருக்கு நாற்பது வருடச் சிநேகிதர், எழுபத்தெட்டு வயது, செம்மறியாட்டுக்காரர். தன்னிடம் ஒரு டப்பா இருக்கிறது என்றார். ஆலை மூடிய அன்று வாங்கியதில் கடைசி. பக்கத்திலேயே வீடு, போய் எடுத்து வந்தார்.

மூடியை நாணயத்தால் நெம்பியதும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பதிமூன்று வருடம் அடைபட்டிருந்த டப்பா. மற்ற நால்வரும் தொப்பியைக் கழற்றாத குறை. ஜோனாஸ் சுங்கானை நிரப்பி, இரண்டு தீக்குச்சியால் பற்றவைத்து, மெதுவாக வின்னியின் பக்கம் புகையை விட்டார்.

வின்னி கண்ணை மூடினாள். வைக்கோல் இருந்தது. ஊறவைத்த அத்திப்பழம் இருந்தது. குதிரைச் சேணம்போல ஏதோ ஒன்று இருந்தது. எட்கர் இல்லை.

இன்னொரு தடவை விடச் சொன்னாள். விட்டார். இன்னும் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள், கண் எரிந்தது.

"இது அவர் இல்ல," என்றாள்.

 ஜோனாஸ் சுங்கானையே பார்த்துக்கொண்டு, "காத்து இழுக்குது பொண்ணே, திறந்த இடம். அதனால இருக்கும்" என்றார். எழுபது வயதானாலும் அந்தப் பக்கத்து ஆண்களுக்கு அவள் பொண்ணுதான். மற்றவர்கள் ஆமாம் ஆமாம், காற்று என்றார்கள். கூரைக்குக் கீழே கொடிகூட அசையவில்லை.

வின்னி நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அக்காவின் நினைப்புதான். அவளுடைய அக்கா ஆக்னஸுக்கு மறதி நோய் வந்தபோது முதலில் போனது மூக்குதான். கருகும் ரொட்டி தெரியவில்லை, பால் திரிந்தது தெரியவில்லை; இரண்டே வருடத்தில் பெற்ற பிள்ளைகளைத் தெரியவில்லை. இப்போது தனக்குப் புருஷனின் புகையிலை தெரியவில்லை. அவர் கோட்டிலிருந்து போனார், சரி. தனக்குள்ளிருந்தும் போய்க்கொண்டிருக்கிறாரா? அவர் இல்லாமல் இருப்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அவர் இருந்தது மறந்துபோனால் என்ன செய்வாள்?

அன்று சாயங்காலமே ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். எட்கர் கண் சாம்பல் நிறம். டீக்கு ஒன்றரைக் கரண்டி சர்க்கரை. இடது காலுக்குத்தான் முதலில் சப்பாத்து. தூக்கத்தில் பேருந்து நிறுத்தங்களின் பெயரைச் சொல்வார். இரண்டு நாளில் நாலு பக்கம் ஆயிற்று. திங்கட்கிழமை ஓர் இடத்தில் பேனா நின்றுவிட்டது. உடனே ஜோனாஸுக்குத் தொலைபேசினாள்.

"ஜோனாஸ், எட்கர் கையில ஒரு வெட்டுத் தழும்பு இருந்துச்சே, எந்த விரல்ல? ஆள்காட்டி விரலா, நடு விரலா?"

நடு விரல் என்றார் ஜோனாஸ். எதற்குக் கேட்கிறாய் என்றார். ஒன்றுமில்லை, எழுதி வைத்துக்கொள்கிறேன், எனக்கு எல்லாம் போக ஆரம்பித்துவிட்டது என்றாள். இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஜோனாஸ் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். ஈரச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு சமையலறைக்கு வந்து, எட்கர் நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தார். வின்னி டீயும் இஞ்சி ரொட்டியும் வைத்தாள். அவர் ரொட்டியைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். காக்கைப் படம் பளபளவென்று இருந்தது. புது டப்பா.

"உன் மூக்குக்கு ஒண்ணும் ஆகல, வின்னி. எங்க வாய்க்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. சனிக்கிழமையே சொல்லியிருக்கணும்."

பிறகு அவர் சொன்னது இது. அடக்கத்தன்று ஜாடியை நடுவில் வைத்து ஐந்து பேரும் நிரப்பிப் பற்றவைத்தார்கள். முதல் இழுப்பிலேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாடிக்குள் இருந்தது பழைய ரேவன் ஃபெல் இல்லை. சோப்பு. அத்தை வீட்டுக் குளியலறை. நோட்டில் கையெழுத்துப் போட்டவன் ஜாடியில் அதே சனியன். ஊருக்குத்தானே உபதேசம்.  செத்தவன் மானம் போகக்கூடாது என்று அடிவரைக்கும் குடித்துத் தீர்த்து, ஜாடியைக் கழுவித் துடைத்து அவளிடம் கொடுத்தார்கள்.

"ஈஸ்டர் போட்டியில அவன் ஏன் ஒரு தடவைகூடத் தப்பலைன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. நாங்க வருஷத்துக்கு ஒரு இழுப்பு இழுக்கிறதை அவன் தினம் குடிச்சிட்டிருந்திருக்கான். தெரியாம இருக்குமா?"

வின்னி டப்பாவைப் பார்த்தாள். அதற்குள்தான் அவர் இருக்கிறார் என்கிறார் ஜோனாஸ். கையை நீட்டினால் போதும். ஆனால் கை நீளவில்லை. அதுவும் அவர் இல்லையென்றால்? அப்புறம் தேட வேறு இடம் கிடையாது. ஜோனாஸ் மூடியை நெம்பப் போனபோது, வேண்டாம், இருங்கள் என்று தடுத்துவிட்டு, டீயை ஊற்றிக்கொண்டு, மனசில் வந்த முதல் கேள்வியைக் கேட்டாள். வியாழக்கிழமை வியாழக்கிழமை டிப்போ நண்பர்களைப் பார்க்கவென்று பென்ரித்துக்குப் போவாரே, அங்கேதான் இதை வாங்கினாரா? அங்கேதான் இருக்கும் என்றார் ஜோனாஸ். அப்படியானால் பழையது?

"ஆலை மூடின அன்னிக்கு வரிசையில எனக்கு முன்னாடி நின்னான். இருபத்தி நாலு டப்பா வாங்கினான். ரெண்டு வருஷத்துல தீர்ந்திருக்கும். அப்புறம் ஒத்துக்க வெட்கப்பட்டிருப்பான். நாங்க அப்படித்தான் பேசிக்கிட்டோம்."

இருபத்து நான்கு டப்பா. வின்னி அந்த வீட்டை மூலைமுடுக்கு விடாமல் கூட்டிப் பெருக்கியவள். ஒரு காலி டப்பாகூட அவள் கண்ணில் பட்டதில்லை. அவள் கை போகாத இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். வருடா வருடம் அக்டோபரில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவேண்டும் என்று எட்கர் பரணுக்கு ஏறுவார். தொட்டியைப் பார்க்க முக்கால் மணி நேரம். இவளும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பாள்.

ஏணியை எடுத்து மாடி நடையில் சாத்தினாள். ஜோனாஸுக்கு முழங்கால் சரியில்லை. அவர் பிடித்துக்கொண்டார், இவள் ஏறினாள். தொட்டிக்குப் பின்னால், பழைய பேருந்துச் சீருடைக்கு அடியில், ஒரு தோல்பெட்டி. உள்ளே மஞ்சள் டப்பாக்கள், செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி. ஒன்றுகூடத் திறக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது என்பார்களே, அந்தக் கதை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் டப்பாவின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

எட்கரின் கையெழுத்து, பேருந்து நேர அட்டவணை எழுதும் அதே சின்னக் கட்டை எழுத்து. 'எங்கள் கல்யாணத்துக்கு.' அடுத்ததில், 'வின்னியின் அறுபதுக்கு.' இன்னொன்றில், 'ஸ்கை தீவுக்குப் போகும்போது.' போனார்கள். ஐந்து நாள் மழை. ஆறாம் நாள் கடல்மேல் வெயில் விழுந்தது. பாறைமேல் உட்கார்ந்து அவர் சுங்கான் பற்றவைத்தார். அது இந்த டப்பா இல்லை. 'கடைசிப் பேருந்து ஓட்டும் நாளுக்கு.' 'வின்னி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளுக்கு.' அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மார்பில் கட்டோடு வந்து இதே வீட்டில் உட்கார்ந்தாள். எட்கர் சூப் வைத்தார், உப்புப் போட மறந்தார், பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து கல்ஜாடியைத் திறந்தார். 'பத்தாம் வருடம்.' பத்தொன்பது டப்பாவில் சீட்டு. மீதி ஐந்து இன்னும் பெயர் வைக்காதவை.

பெட்டியைப் பரண் வாசலுக்கு இழுத்து வந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே ஜோனாஸுக்கு வாசித்தாள். முதலில் குரல் சாதாரணமாக இருந்தது. ஏழாவது எட்டாவதில் கோபம் வந்துவிட்டது.

"பன்னெண்டு வருஷம், ஜோனாஸ். எல்லா நாளும் வந்துச்சு. எல்லா நாள்லயும் நான் இருந்தேன். ஒண்ணுகூட அவருக்குப் போதலையா?"

ஜோனாஸ் ஏணியை விடவில்லை. கல்யாணத்தன்று பதிவு அலுவலகப் படியில் எட்கர் அந்த டப்பாவைக் கையில் எடுத்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். நாணயத்தைக்கூட மூடிக்கு அடியில் வைத்துவிட்டார். பிறகு எடுத்துவிட்டார்.

"என்னடா, திறக்கலையான்னு கேட்டேன். 'இப்பவே இவ்வளவு நல்லா இருக்கு, இதுக்கு மேல ஒரு நாள் வந்தா என்ன பண்றது'ன்னான். உன்னைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னான். முட்டாப்பய. பாதி ஊரு அப்படித்தான் வச்சிருந்து வச்சிருந்து செத்துச்சு. சீல் உடைச்சா அந்த நாள் வந்துட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம். உடைக்காத வரைக்கும் வரப்போகுதுன்னு இருக்கலாம்."

 வின்னி எட்கரைத் திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் பரண் வாசலிலிருந்து பார்த்தால் படுக்கையறைக் கதவு தெரிந்தது, அதற்குள் அலமாரி தெரிந்தது, கதவிடுக்கில் திணித்த போர்வை தெரிந்தது. வாரத்துக்கு ஒரு மூச்சு. இரண்டாவது கிடையாது. அவள் மட்டும் என்ன செய்தாளாம்? அங்கேயே உட்கார்ந்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

கடைசி டப்பா சுற்றிய செய்தித்தாளில் ஓர் ஓரம் கிழிந்திருந்தது. அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறார். சீட்டில், 'வின்னியின் ஐந்து வருடத்துக்கு' என்று இருந்தது.

மார்புக் கட்டியை எடுத்த அறுவைச் சிகிச்சை முடிந்தபோது டாக்டர் சொன்ன கணக்கு அது. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பயமில்லை. எட்கர் வாயால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாள்காட்டியில்கூடக் குறித்ததில்லை. இந்தக் காரியத்தில் அவர் வாய்க்குப் பூட்டு. ஆஸ்பத்திரிக் கடிதம் பிப்ரவரியில் வந்தது, எட்கர் போய் மூன்று மாதம் கழித்து. ஒன்றும் இல்லை, இனி வரவேண்டாம் என்று எழுதியிருந்தது. வின்னி அதை வாசித்துவிட்டுக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். சொல்ல ஆள் இல்லாத செய்தியை வேறென்ன செய்வது?

அந்த ஒரு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு இறங்கினாள். மற்ற நாட்களை அவர் தவறவிட்டார். இந்த நாள் அவரைத் தவறவிட்டது. கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்து ஜோனாஸிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு இரண்டு தடவை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் மீசை ஆடியது.

"இதைத் திறங்க," என்றாள். "அவர் திறக்கணும்னு வச்சிருந்தது. திறந்துடலாம்."

நாணயம், நெம்பல், புஸ்ஸென்ற காற்று. ஜோனாஸ் சுங்கானை நிரப்பும்போது விரல் கூச்சப்பட்டது; வேறொருவன் நல்ல நாளில் கை வைக்கிறோம் என்ற கூச்சம். பற்றவைத்தார். முதல் இழுப்பிலேயே அவர் முகம் மாறியது. தன் டப்பாவைவிட இது பலமடங்கு தேவலை. பரணின் சூடும் குளிரும் என்ன செய்ததோ, இப்படி ஒன்றை ஆலை நடந்த காலத்திலேயே குடித்ததில்லை என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது, புகையால் அல்ல.

சமையலறை முழுக்க அது பரவியது. வைக்கோல், அத்திப்பழம், மழை விட்ட கொட்டகை. எட்கர் நோட்டில் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வின்னி நின்றபடி மரியாதையாக அதை முகர்ந்தாள். யாரோ ஒரு பெரிய மனிதர் வீடு தேடி வந்து, இவளுக்கு அவரைத் தெரியாமல்போனால் எப்படி நிற்பாளோ, அப்படி நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார் ஜோனாஸ்.

"ரொம்ப நல்லா இருக்கு. அணைச்சிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பதிமூன்று வருடம் இருட்டில் முதிர்ந்த புகையிலை, சுங்கானில் பாதிகூட எரியவில்லை. சங்கத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அடித்தே இருப்பார். இப்போது அதைச் சாம்பல் தட்டில் கொட்டினார்.

"இப்ப அதை ஏத்துங்க," என்று வின்னி பளபளப்பான டப்பாவைக் காட்டினாள்.

அவள் மாடிக்குப் போனாள். அலமாரிக் கதவிடுக்கிலிருந்த போர்வையை உருவி எறிந்துவிட்டு, கோட்டை எடுத்து வந்து எட்கர் நாற்காலியின் முதுகில் மாட்டினாள். ஜோனாஸ் வேறு சுங்கானை எடுத்து நிரப்பி, தீக்குச்சியைக் கிழித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே இழுத்து, நாற்காலியின் பக்கம் புகையை விட்டார்.

முதலில் சர்க்கரை கருகியது. பிறகு, எங்கிருந்தோ, அந்த மட்டமான ரோஜா.  வின்னி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் இருந்தார். மறக்கவில்லை, ஒன்றும் போகவில்லை, மூக்கு முழுக்க, தொண்டை முழுக்க இருந்தார். சாயங்காலம் ஐந்தரை மணி எட்கர், சப்பாத்தைக் கழற்றாத எட்கர், உப்பு மறந்த எட்கர். மோசமில்லை என்று சொல்லத்தான் இல்லை.

அவள் கடிதத்தைப் பிரித்தாள். நாற்காலியைப் பார்த்து, அவருடைய இடது காதுக்குக் கொஞ்சம் கேட்காது என்பதால் வழக்கம்போலச் சற்றுச் சத்தமாகவே சொன்னாள்:

"எட்கர், அஞ்சு வருஷம் முடிஞ்சிடுச்சு. ஒண்ணும் இல்லையாம்."

ஜோனாஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்தப் பாழாய்ப்போன சோப்பு அணைந்துவிடக்கூடாதே என்று, விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.